பிள்ளைக்காகப் பதில் சொல்கிறவர்

வாசகர்களே, உலகத்தில் ஓர் இனம் உண்டு. ஒரு குழந்தையைப் பார்த்து நீங்கள் "உன் பேரென்ன கண்ணு?" என்று கேட்கிறீர்கள். குழந்தை தலையை நிமிர்த்துவதற்குள் மேலேயிருந்து ஒரு குரல் பெயரைச் சொல்கிறது. "எத்தனை வயசு?" மறுபடியும் மேலேயிருந்து பதில். "எங்க, மாமாவுக்கு ஒரு முத்தம் குடு." மேலேயிருந்து, "வெக்கப்படுவா." நல்லவேளையாக முத்தத்தை மட்டும் அந்த மேல்குரல் கொடுப்பதில்லை.

இந்த இனத்தை எங்கே காணலாம்? நானே சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் காணலாம், டாக்டர் பிள்ளையிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் இவர் தம் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். ஐஸ்கிரீம் கடையில் காணலாம். கண்ணாடிக்குள் பதினாறு நிறத்தைப் பார்த்துப் பிள்ளை வாயடைத்து நிற்கும்போது "சாக்லேட்" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவார். கோயிலில் அர்ச்சகர் கேட்டால் பிள்ளையின் நட்சத்திரத்தை இவர் சொல்வது நியாயம்தான். வெளியே வந்ததும், "சாமிகிட்ட என்ன வேண்டிக்கிட்டே?" என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் இவரிடம் பதில் உண்டு. ஊரில் முந்திரிக்கொட்டை என்பார்கள். கெட்டவரா? இல்லவே இல்லை. பாசம் கொட்டிக் கிடக்கிறவர். தொல்லையே அங்கேதான் ஆரம்பம்.

இந்த இனத்தின் முதல்தரமான ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறான். என் தங்கை பிரேமலாவின் கணவன், பெயர் காளிதாஸ். மாசாய் என்ற ஊரில் வீடு, பக்கத்தில் பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் சூப்பர்வைசர் வேலை, பதினேழு வருஷ சர்வீஸ். அந்தத் தொழிற்சாலையின் தரத்தைச் சோதிக்க வருஷத்துக்கு இரண்டு தரம் வெளியிலிருந்து ஆடிட்டர் வருவார். அவர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே தரையில் மஞ்சள் கோடு புதிதாகும், கழிப்பறையில் சோப்பு முளைக்கும், ஒவ்வொரு தொழிலாளிக்கும் கேள்வியும் பதிலும் மனப்பாடமாகும். அப்படியும் ஆடிட்டர் யாராவது ஒரு தொழிலாளியின் முன்னால் நின்று வாயைத் திறந்துவிட்டால், சூப்பர்வைசர் பாய்ந்து நடுவில் புகுந்து தானே பதில் சொல்லிவிட வேண்டும். எங்கும் எழுதி வைக்காத விதி இது. காளிதாஸ் இதில் பெயர் வாங்கியவன். ஆடிட்டரின் கேள்வி முடிவதற்கு முன்பே இவனுடைய பதில் முடிந்திருக்கும்.

இவர்களுக்கு ஒரே மகள், அபர்ணா. அப்போது நாலு வயது. ராகம் பிசகாமல் முனகிப் பாடுவாள். சுற்றுகிற ஃபேனை அரைமணி நேரம் ரசிப்பாள். பேச்சு மட்டும் வரவில்லை. எது வேண்டுமென்றாலும் கேட்கமாட்டாள், விரல் நீட்டிக் காட்டவும் மாட்டாள். தாகம் எடுத்தால் ஐஸ்பெட்டி முன்னால் போய் நின்று விரல்களை முறுக்குவாள். அதை யாரும் கவனிக்காவிட்டால் தரையில் விழுந்து புரண்டு அலறுவாள். ஆனால் வீட்டில் இருக்கிற நேரத்தில் காளிதாஸ் அந்த அளவுக்கு விட்டதே கிடையாது. முதல் விரல் முறுக்குவதற்குள் தண்ணீர் அவள் வாயருகே வந்துவிடும்.

"அவ கேக்கவே வேணாம் மச்சான். எனக்குத் தெரியும் லா," என்று என்னிடம் பெருமையாகச் சொல்வான்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த பிரேமலா, மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: "நீங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் சரி. அடுத்த வருஷம் பாலர் பள்ளியில போடணும். அங்க இருவத்தஞ்சு பிள்ளைங்க நடுவுல இவளுக்குத் தாகம் எடுத்தா யாருகிட்ட கேப்பா? அந்த டீச்சருக்கு எப்படிங்க தெரியும்?"

காளிதாஸ் வாயைத் திறந்தான். மூடினான். அவன் வாழ்க்கையில் பதில் இல்லாமல் போன முதல் கேள்வி அதுதான்.

அப்புறம் டாக்டரைப் பார்த்தார்கள். குழந்தைக்கு நடத்தைப் பயிற்சி, தெரப்பி, கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அதற்கான மையம் ஒன்றில் பெயரைப் பதிந்தார்கள். ஐந்து மாதம் காத்திருந்தார்கள். ஒருநாள் அழைப்பு வந்தது: இடம் காலியாகியிருக்கிறது, இரண்டு வாரத்தில் வாருங்கள், முதலில் குழந்தையைக் கவனித்துப் பார்க்கவேண்டும். ஒரு சாதாரண அப்பா இதைக் கேட்டால் என்ன செய்வார்? நிம்மதியாகத் தூங்குவார். காளிதாஸுக்கோ காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. ஆடிட்டர் வருகிறார்! இரண்டு வாரம் இருக்கிறது!

அன்று மாலையே பயிற்சி தொடங்கிவிட்டது. சிவப்புத் தட்டு, நீலத் தட்டு, மஞ்சள் தட்டு. "பாப்பா, இது என்ன கலர்?" என்று கேட்பான். "சிவப்பு!" என்று அவனே சொல்வான். "வெரி குட்!" என்று தன்னையே பாராட்டிக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போவான். அபர்ணா தட்டைச் சுழற்றிவிட்டு அது ஃபேன் மாதிரிச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு நாளில் காளிதாஸுக்கு எல்லா நிறமும் பாடமாகிவிட்டது.

மையத்திலிருந்து ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். நூற்று இருபது கேள்வி. முப்பத்தாறாவது கேள்வி, தாகம் எடுத்தால் குழந்தை ஏதாவது ஒரு விதத்தில் தண்ணீர் கேட்குமா? காளிதாஸ் "எப்போதும்" என்ற கட்டத்தில் டிக் போட்டான்.

"அவ எங்கங்க கேக்குறா?" என்றாள் பிரேமலா.

"கேட்ட மாதிரிதான். நான்தான் குடுத்துடுறேன்ல."

"மாப்ள, எல்லாம் நல்லா இருந்தா அங்க எதுக்குப் போறோம்?" என்று நானும் கேட்டேன்.

"மச்சான், ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன் முக்கியம் லா."

ஆக, குறிப்பிட்ட நாளில் நான் காரை ஓட்ட, காலில் புதுச் சப்பாத்து, புதுக் கவுன், எண்ணெய் வைத்து வழித்த தலையுடன் அபர்ணாவும், கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிய காளிதாஸும், தண்ணீர்ப் போத்தலுடன் பிரேமலாவும் போய்ச் சேர்ந்தோம். கீழே டயர் கடை, மேல்மாடியில் மையம். காளிதாஸ் எதிர்பார்த்தது ஒரு மேசை, ஒரு நாற்காலி, கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் அதிகாரி. இருந்தது ஒரு பாய். அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் ஷாமளா டீச்சர், இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் சோப்புக் குமிழி ஊதுகிற புட்டி.

ஊதினார். குமிழிகள் பறந்தன. அபர்ணா துள்ளினாள். டீச்சர் புட்டியை மூடிவிட்டுச் சும்மா இருந்தார்.

"பப்புள் வேணுமாம் டீச்சர்!" என்றான் காளிதாஸ்.

"அபர்ணா சொல்லட்டும் சார். ஒரு அஞ்சு எண்ணுங்க. மனசுக்குள்ள."

"ஓகே டீச்சர். ஒன்னு, ரெண்டு... வேணுமாம் டீச்சர்."

இப்படியே முக்கால் மணி நேரம். நடுவில் ஷாமளா படிவத்தை எடுத்துப் புரட்டினார். "தண்ணி வேணும்னா எப்பவும் கேப்பாளா சார்?"

"எப்பவும், டீச்சர்."

"சரி. இப்ப நாம எல்லாரும் சும்மா இருப்போம்." தண்ணீர்ப் போத்தலை அபர்ணாவின் கண்ணில் படும்படி அலமாரியில் வைத்தார்.

துள்ளிய களைப்பில் அபர்ணா அலமாரி முன்னால் போய் நின்றாள். ஒரு விரல் முறுக்கியது. காளிதாஸ் எழுந்தான். பிரேமலா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. ஆனால் மூன்றாவது விநாடியில் போத்தல் குழந்தையின் வாயில் இருந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? கேட்டுட்டா!"

ஷாமளா சிரிக்கவில்லை. தன் பக்கத்திலிருந்த ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். அதில் மூன்று பெயர், பெயருக்குக் கீழே கோடு கோடாகக் கணக்கு. அபர்ணா, தானாகத் தெரிவித்தது: இரண்டு. இரண்டு தரம் புட்டியைப் பார்த்துவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தாளாம். அது பெரிய விஷயமாம். அவளுக்காக அப்பா சொன்னது: நாற்பத்தொன்று. அவளுக்காக மாமா சொன்னது: ஏழு. மாமா என்பது நான். நம்பாதீர்கள். அந்தப் பெண் எண்ணுவதில் கொஞ்சம் தாராளம்.

"சார், இந்த ஃபாரம்ல நல்ல மார்க் வாங்கினா பரிசு கிடையாது," என்றார் ஷாமளா மெதுவாக. "நீங்க எழுதுனதை அப்படியே எடுத்துக்கிட்டா, அபர்ணாவுக்கு இந்த இடமே தேவையில்ல. லிஸ்ட்ல அடுத்த பிள்ளையைத்தான் கூப்பிடணும்."

காளிதாஸின் முகம் கறுத்தது. பேனாவைக் கேட்டு வாங்கினான். நாற்காலி இல்லாததால் பாயிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து நூற்று இருபது கேள்வியையும் மறுபடி எழுதினான். "எப்போதும்" என்பதை அடித்துவிட்டு "இல்லை." அடுத்ததும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. பதினேழு வருஷமாகக் குறையை மறைத்தே பழகிய கை, ஒவ்வொரு இல்லைக்கும் நின்று நின்று போயிற்று. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிரேமலா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதன்பிறகு ஷாமளா எங்களுக்கு விவரம் சொன்னார். ஒரு மாதத்தில் பேசிவிடுவாள் என்று காத்திருக்காதீர்கள். முதல் சில வாரம் விளையாட்டு மாதிரித்தான் தெரியும். அவள் என்னை நம்பவேண்டும், அதற்குத்தான். வாரத்துக்கு மூன்று நாள் இங்கே, மற்ற நேரமெல்லாம் உங்களிடம்தானே இருக்கிறாள், ஆகவே பாதிப் பாடம் உங்களுக்கு. பேச்சு வருகிறபோது வரட்டும், அதுவரைக்கும் படம். சொல்லிவிட்டு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். பிய்த்து எடுக்கவும் திரும்ப ஒட்டவும் வசதியாக வெல்குரோ வைத்த படங்கள்: தண்ணி, பிஸ்கட், ஊஞ்சல், போதும். படத்தைக் கையில் கொடுத்தால் கேட்டதாக அர்த்தம். கொடுத்தவுடன் நாம் செய்யவேண்டும்.

"போதுமா? அது எதுக்கு டீச்சர்?" என்றான் காளிதாஸ். "நிறுத்தச் சொல்லிக் குடுத்தா எல்லாத்தையும் நிறுத்திடுவாளே."

"அவளுக்கும் ஒரு விஷயம் போதும்னு தோணும்ல சார்? அத சொல்ல வழி இல்லாமத்தானே விழுந்து பொரளுறா. அந்தப் படத்தைக் குடுத்தா நீங்க நிறுத்தியே ஆகணும். அப்பதான் நம்புவா."

திரும்பி வரும்போது காரில் காளிதாஸ் முனகினான். "வெளையாடத்தான் செய்றாங்க மச்சான். பப்புள் நம்ம வீட்லயும் இருக்கு."

வீட்டில் தண்ணீர்ப் படலம் தொடங்கியது. அபர்ணா ஐஸ்பெட்டி முன்னால் நிற்பாள். பிரேமலா பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்துப் படத்தை எடுக்க உதவுவாள். முன்னால் நிற்கிற காளிதாஸ் படத்தை வாங்கிக்கொண்டு தண்ணீர் தரவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தப் படம் அவன் கைக்கு வந்து சேர ஆகிற ஐந்து விநாடியை அவனால் தாங்க முடியவில்லை. வாய்விட்டு எண்ணிப் பார்த்தான். அபர்ணா காதைப் பொத்திக்கொண்டாள். விரல் விட்டு எண்ணினான். அவள் அந்த விரல்களைப் பிடித்து விளையாடினாள். தொழிற்சாலையிலிருந்து ஒரு ஸ்டாப்வாட்ச் கொண்டுவந்தான், இரண்டு விநாடியில் அவன் "தண்ணி!" என்று கத்திய சத்தத்தில் அது கீழே விழுந்து உடைந்தது.

கடைசியில் பிரேமலாதான் வழி கண்டுபிடித்தாள். அசாம்போய்! உப்பும் புளிப்புமாகக் காய்ந்த பழம், எந்தச் சீனர் கடையிலும் கிடைக்கும். அதை ஒன்று வாயில் போட்டுக்கொண்டால் கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும், கண் மூடிக்கொள்ளும், எப்பேர்ப்பட்டவனுக்கும் பேச்சு வராது. அபர்ணா ஐஸ்பெட்டிப் பக்கம் திரும்பினால் போதும், பிரேமலா ஓடிப்போய்க் கணவன் வாயில் ஒன்றைத் திணிப்பாள். யாருக்குத் தெரப்பி நடக்கிறது என்று அக்கம்பக்கத்தில் குழம்பினார்கள். இப்போது காளிதாஸின் நாக்கு தடித்துவிட்டது, அதிகக் காரமும் உறைப்பதில்லை.

மூன்றாவது வாரம் நிலைமை மோசமானது. அலறினால் தண்ணீர் வரும் என்றிருந்த பழைய வழி அடைபட்டதும், அபர்ணா இன்னும் பலமாக அலறிப் பார்த்தாள். படத்தைத் தூக்கி எறிந்தாள். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலே தலை நீட்டி, "அலமாக், ஐயையோ, பிள்ளைக்கு என்னாச்சு?" என்றார். காளிதாஸ் போன் எடுத்து ஷாமளாவைக் கூப்பிட்டு, பழத்தைத் துப்பிவிட்டு, கிட்டத்தட்ட அழுதான்.

"இது எல்லா வீட்லயும் நடக்கிறதுதான் சார். பழைய சாவி திறக்கலைன்னா நாமளும் கதவை ரெண்டு தட்டு தட்டுவோம்ல? அவள அழ விட்டுட்டு வேடிக்கை பாக்கச் சொல்லல. கையைப் பிடிச்சு படத்தை எடுக்க உதவுங்க, எடுத்தவுடனே குடுங்க. விட்டுடாதீங்க."

விடவில்லை. அதற்காக அவனுக்கு ஒரு மாலையே போடலாம். ஆனால் மூன்று மாதம் போயும் பிரேமலாவின் கை பின்னாலிருந்து உதவாமல் அபர்ணா தானாக ஒரு படத்தையும் எடுக்கவில்லை. பாலர் பள்ளி திறக்க இன்னும் பத்தே வாரம். பள்ளிக்குப் பிரேமலாவின் கை கூட வராதே.

அந்த நிலையில்தான் ஆயர் ஈத்தாம் ஊரில் காளிதாஸின் ஒன்றுவிட்ட அக்கா கிருஷ்ணம்மா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனோம். அபர்ணாவை அவர் மூன்று மாதக் குழந்தையாகப் பார்த்ததோடு சரி. காளிதாஸ் ஒரு பொட்டலம் அசாம்போய் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினான். வழியில் செனாய் ஊரைத் தாண்டுவதற்குள் பொட்டலம் காலி. பாதியை நான் தின்றேன், அது இருக்கட்டும்.

வாசலிலேயே கிருஷ்ணம்மா குனிந்தார். "யாரு இது, நம்ம அபர்ணாவா? எவ்ளோ வளந்துட்டா! எங்க, அத்தைக்கு உன் பேரு சொல்லு?"

பேரைச் சொல்லிவிட்டுப் பேரைக் கேட்கிறவர்கள் தனி இனம். ஆனால் காளிதாஸுக்கு எந்தக் கேள்வியும் கேள்விதான். மூன்று மாதம் புளிப்பால் அடைத்து வைத்திருந்த அணை உடைந்தது. "அபர்ணா க்கா! அஞ்சு வயசு ஆகப்போகுது. பாட்டுன்னா உசுரு. மீன் தொடமாட்டா, கோழின்னா சாப்பிடுவா. கொஞ்சம் கூச்சம். அடுத்த வருஷம் ஸ்கூலு. கலர் எல்லாம் தெரியும். இந்தச் சட்டை இவளே எடுத்ததுதான்..." சட்டையை எடுத்தது அவன். அவன் நிறுத்தவில்லை. செருப்பைக் கழற்றியபடியே பேசினான், வீட்டுக்குள் நடந்தபடியே பேசினான், அலமாரி நிறைய இருந்த மண்ஜாடிகளுக்கு நடுவில் நின்று, அபர்ணாவுக்கு ஜாடி பிடிக்கும் என்றான்.

அபர்ணாவின் விரல்கள் முறுக்கத் தொடங்கின. பிரேமலா தட்டுகளை வாங்கிக்கொண்டு நின்றதால் அவள் கை காலியில்லை. முறுக்கிய விரல்கள் நின்றன. அவை இடுப்பில் தொங்கிய படப் புத்தகத்தைத் திறந்தன. சர்ரென்று வெல்குரோ பிய்கிற சத்தம். அபர்ணா அப்பாவின் கையைப் பிடித்து விரித்து, ஒரு படத்தை அதில் வைத்து அழுத்தினாள்.

காளிதாஸ் குனிந்து பார்த்தான். "போதும்."

கொடுத்தால் நிறுத்தியே ஆகவேண்டும். நிறுத்தினான். வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

அவள் இன்னும் முடிக்கவில்லை. இன்னொரு படத்தைப் பிய்த்தாள். அப்பாவைத் தாண்டினாள், அம்மாவைத் தாண்டினாள், என்னைத் தாண்டினாள். முன்பின் பழக்கமில்லாத கிருஷ்ணம்மாவின் முன்னால் போய் நின்று அந்தப் படத்தை நீட்டினாள்.

"என்னடி இது, ஏதோ படம்?" என்றார் கிருஷ்ணம்மா.

எங்கள் மூன்று பேருக்கும் விடை தெரியும். காளிதாஸ் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். பிரேமலா தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

கிருஷ்ணம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். "தண்ணியா? ஓ, தண்ணி வேணுமா என் செல்லத்துக்கு? இதோ வரேன் இரு."

கொண்டுவந்தார். அபர்ணா நின்றபடியே முழுவதையும் குடித்தாள். பிரேமலா என் வாயிலிருந்து கையை எடுக்க மறந்துபோய், என் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். "ஸ்கூல் டீச்சரும் இப்படித்தானே குடுப்பாங்க? இல்லண்ணே?" பதில் சொல்ல என்னால் முடியவில்லை, வாய் அவள் கையில் இருந்தது. காளிதாஸ் பின்பக்கம் போய் நெடுநேரம் முகம் கழுவினான்.

அந்தப் "போதும்" படத்தை அவன் திருப்பித் தரவில்லை. ஷாமளா வேறொன்று செய்து கொடுத்தார். அவனுடையது தொழிற்சாலை அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. போன மாதம் ஆடிட்டர் வந்து ஒரு தொழிலாளியிடம் கேள்வி கேட்டபோது, காளிதாஸ் அட்டையைத் தடவிக்கொண்டு மனசுக்குள் ஐந்து எண்ணினான். தொழிலாளி உண்மையைச் சொல்லிவிட்டார். மூன்று குறை எழுதிவிட்டு ஆடிட்டர் போனார். மேனேஜர் இன்னும் காளிதாஸுடன் பேசுவதில்லை.

சரி, சிரித்தீர்களா? சிரித்தீர்கள். இப்படி ஓர் ஆளை உங்களுக்கும் தெரியுமா? தெரியும். அவர் உங்கள் மச்சான்தானே? ஆமாம். இதை எழுதி முடித்து ஷாமளாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் வழக்கம்போல ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே படித்தார். கட்டுரை நெடுக நான் உங்களிடம் கேட்டதில் ஒன்றுக்குக்கூட உங்களைப் பதில் சொல்ல விடவில்லையாம். அவர் எண்ணுவதில் தாராளம் என்று முன்பே சொன்னேன். இருந்தாலும் பெருந்தன்மையாகக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். ஐந்து எண்ணுகிற வரைக்கும் நான் வாயே திறக்கமாட்டேன். உங்கள் வீட்டில் யாருக்காவது, அவர் வாயைத் திறக்கும் முன்பே நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வதுண்டா?

ஒன்று. இரண்டு. மூன்று.

இல்லை என்றுதானே சொல்லப்போகிறீர்கள்?